நீலகண்டனும் தாடிக்காரனும்

புயல் ஓய்ந்து ஒன்பதாம் நாள் காலையில், தேடப்போன கப்பல்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பிவிட்ட பிறகு, முப்பத்தேழு ஆண்களைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அடுப்புப் பற்றவைக்காமல் கிடந்த வளையன்துறைக்கு, மேற்கிலிருந்து அலைக்கு மேல் தாழ்வாகப் பறந்து இரண்டு பஞ்சவர்ணக்கிளிகள் வந்தன. வந்து, ஐஸ் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் பக்கம்பக்கமாக உட்கார்ந்து, இறக்கையை ஒருமுறை விரித்து ஈரத்தை உதறிவிட்டு மடக்கிக்கொண்டன. முதுகு முழுக்க நீலம், நெஞ்சு முழுக்க மஞ்சள், ஒரு முழத்துக்கு வால், கொட்டாங்கச்சியையே உடைத்துவிடும் போலக் கறுத்து வளைந்த அலகு. எங்கிருந்து வந்தன என்று யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஏதோ கப்பலில் கூண்டு உடைந்திருக்கும் என்றார்கள், கொல்லத்துப் பணக்காரன் எவனாவது வளர்த்திருப்பான் என்றார்கள், அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளவில்லை, ஏனென்றால் நடுப்பகலுக்குள் அவற்றில் ஒன்று எலியாசின் குரலில் பேசிவிட்டது.

"கயித்த விடு. அறுத்து விடுலே," என்றது அது.

எலியாஸ் படகு ஓட்டி. அவன் மனைவி கிளாரிபெல் அப்போது தொட்டிக்குக் கீழே குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். குடம் அவள் கையிலிருந்து நழுவவில்லை. அதைத் தரையில் பதமாக இறக்கிவைத்து, முந்தானையில் கையைத் துடைத்து, அண்ணாந்து பார்த்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பறவை அதே வார்த்தையை அதே அவசரத்தோடு திரும்பச் சொன்னது. பறவைகள் வந்த நான்காம் நாள் எலியாசின் உடல் கொல்லத்துக்கு வடக்கே ஒரு கடற்கரையில் ஒதுங்கியது, வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தோடு.

அந்த நான்கு நாளுக்குள் மற்றப் பறவையும் பேசியிருந்தது. அது பேசியது பெர்க்மான்ஸின் குரலில். இந்த ஊசி இன்னும் எத்தனை நாளைக்கு என்று யாரோ ஒரு நர்ஸிடம் கேட்டது, மறுநாள் தேங்காய் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டது, அதற்கடுத்த நாள் பக்கத்துக் கட்டில்காரனைக் குறட்டை விடாதே என்று வைதது. பெர்க்மான்ஸின் தாய் தொட்டிக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். பறவைகள் வந்த பன்னிரண்டாம் நாள் ரத்னகிரியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, மங்களூர்ப் படகொன்று அவனைத் தூக்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பு அவன் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான்.

முதலில் யாருக்கும் இரண்டு பறவைகளும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. தன் வீட்டு ஆளின் குரல் கேட்டவர்கள் சந்தோஷப்படுவதா நெஞ்சில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார்கள். பிரித்துச் சொன்னது தபால்காரர் ஆறுமுகப்பெருமாள். உள்நாட்டுக்காரர், தினமும் சைக்கிளில் வருபவர், ஒரே மாதிரி நூறு பெயர்களை விலாசத்தால் பிரித்துப் பழகிய கண். அவர் தொட்டியடியில் சைக்கிளை நிறுத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு அலகுக்குக் கீழே மழிக்காத தாடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது, மற்றதற்கு அந்த இடத்தில் கழுத்து முழுக்க நீலம் பரவியிருக்கிறது, பாருங்கள் என்றார். நீலக் கழுத்துக்கு நீலகண்டன் என்றும் மற்றதற்குத் தாடிக்காரன் என்றும் அவர்தான் பெயர் வைத்தார். மாதா கோயில் ஊரில் சிவன் பெயரா என்று பங்குத்தந்தை புயலுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார், ஆனால் வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கோயில் அறிவிப்புப் பலகையில் சாக்குக்கட்டியால் இரண்டு வரிசை எழுதினார்கள். நீலகண்டன் பேசியவர்கள் ஒரு பக்கம், தாடிக்காரன் பேசியவர்கள் மறுபக்கம். எழுதி முடித்ததும் பலகைக்கு முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது, நீலகண்டன் வரிசையிலிருந்து கரைக்கு வந்தவை எல்லாம் உடல்கள், தாடிக்காரன் வரிசையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் நடந்து வந்தார்கள்.

அப்படியாக ஊர் தன்னை அந்தப் பறவைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. தொட்டிக்குப் பக்கத்தில் ஓலைக்கொட்டகை போட்டு, குறுக்கே ஒரு பழைய துடுப்பைக் கட்டி, இரண்டையும் அதில் இறக்கினார்கள். அவையும் இறங்கி வந்தன, பறந்துபோக நினைக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துக் காவல் இருந்தார்கள். முந்திரித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் உடைந்த பருப்பு கொண்டுவந்தார்கள். மீன் ஏலம் விடுபவர்கள் வாயால் விடுவதை நிறுத்தி விரலால் விட்டார்கள், கோயில் மணியின் நாக்கில் சாக்குச் சுற்றினார்கள், பைக்கில் வருபவர்கள் வளைவிலேயே இஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள், பறவை சொல்லும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போய்விடக் கூடாதென்று. குழந்தைகள் அவற்றோடு பேசக் கூடாது, பேசினால் உயிரோடு கரையில் இருப்பவர்களின் சொல் கலந்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். விசாரிக்க வந்த கிராம அலுவலர் தாளில் 'ஆதாரம்' என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்து, கடைசியில் 'வாய்மொழி' என்று எழுதிக்கொண்டு போனார். நீலகண்டன் ஒருவர் பெயருக்குரிய குரலை எடுத்துவிட்டால் பங்குத்தந்தை உடலுக்காகக் காத்திராமல் திருப்பலி வைத்தார். அற்புதம் என்றும் அவர் சொல்லவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை.

தை பிறக்கும்போது பலகையில் நீலகண்டன் பக்கம் பதினாறு பேர் இருந்தார்கள். தாடிக்காரன் பக்கம் ஒன்பது பேர். ஒன்பது பேரும், பேச்சுக் கேட்ட ஒரு மாதத்துக்குள், ஒருவர் பின் ஒருவராக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் இல்லாத பெயர்கள் பன்னிரண்டு. அதில் ஒன்று ததேயுஸ்.

ததேயுஸுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினான்கு மாதம். மனைவி மெற்றில்டா முந்திரித் தொழிற்சாலையில் தோல் உரிப்பவள், அதிகம் பேசாதவள், எதையும் இரண்டு முறை பார்த்த பிறகே நம்புகிறவள். தாய் வியாகுலம், மீன் சருவத்தைத் தலையில் தூக்கி உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து விற்பவள். ததேயுஸுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவள் புருஷன் ஒரு சாதாரண நாளில், புயலோ மழையோ இல்லாமல், தூண்டிலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, அவளும் தாலியைக் கழற்றவில்லை. நரைத்த தலையோடு போனால் உள்நாட்டுப் பெண்கள் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்று மாதத்துக்கு ஒருமுறை தலைக்குச் சாயம் பூசுவாள். வீட்டில் அவளும் மருமகளும் மட்டும். மற்றப் பதினொரு வீடுகளைப் போல அந்த வீட்டிலும் இருவரும் முறை தவறாமல் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தார்கள், கேட்காமல் திரும்பினார்கள், எந்த வாயிலிருந்து கேட்கப்போகிறோம் என்ற பயத்தில் கேட்காமலே இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முறை வியாகுலத்துக்கு. மெற்றில்டா தொழிற்சாலையில் இருந்தாள். வெயிலில் ஊர் கதவடைத்துக் கிடந்தது. அப்போது ததேயுஸின் குரல் கேட்டது.

"அம்மா, இத்திரி கஞ்சித்தண்ணி தா."

பேசியது நீலகண்டன். அவள் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அலகு அசைவதைப் பார்த்தாள், நீலக் கழுத்து ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அது மறுபடி கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் கேட்டது. அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். சாயப் பொட்டலத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பறவையைத் துவர்த்துத் துண்டில் சுற்றி மடியில் கிடத்தி, தாடையைப் பெருவிரலால் தூக்கி, சின்ன மகனுக்குத் தலை வாரிவிடுகிறவளைப் போல அவசரப்படாமல், கழுத்து நீலம் முழுவதையும் கறுப்பாக்கினாள். அது கடிக்கவில்லை. பூசி முடிப்பதற்குள் இன்னும் மூன்று முறை கஞ்சித்தண்ணீர் கேட்டது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மெற்றில்டாவிடம், அவன் பேசினான், தாடிக்காரன்தான் பேசியது என்று சொன்னாள். மெற்றில்டா வேலைப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு போய் முகம் கழுவினாள். பிறகு புயலுக்குப் பிறகு திறக்காத ததேயுஸின் பெட்டியைத் திறந்து அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

மறுநாள் காலை துடுப்பின் மேல் இரண்டு தாடிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பார்த்தது ஆறுமுகப்பெருமாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு கடிதங்களைக் கொடுத்தார். முந்தின நாள் மதியம் யார் முறை என்பது கொட்டகைக் காலில் கட்டித் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. கழுவிவிடலாம் என்று ஒரே ஒருவர் சொன்னார், அவர் பதினாறு பேர் பட்டியலில் மகனைப் பறிகொடுத்தவர், அவருக்கு இழக்க இனி ஒன்றுமில்லை என்பதால் அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மதியமே மைக்கேல் நாயகம் வீட்டு மூத்தவன் குரல் கேட்டது. அதற்கடுத்த வாரம் மூன்று பேர். மாசி முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் பேசிவிட்டார்கள், எந்த வாயிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை, எல்லாம் கறுப்புக் கழுத்துதான், எல்லாரும் உயிரோடுதான்.

அதுபோல ஒரு காலம் அந்த ஊருக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பன்னிரண்டு வீடுகளில் பெண்கள் தலைவாரினார்கள். வெள்ளையடிக்காமல் நின்ற சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒருத்தி, வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்ட அப்பனிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். உடல் கிடைத்து அடக்கம் செய்திருந்தவர்கள் அந்தப் பன்னிரண்டு வீடுகளைத் தாண்டிப் போகும்போது பொறாமையை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரும்பி வந்திருந்த ஒன்பது பேர் மட்டும் கொட்டகைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், வந்தாலும் துடுப்பை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. யாரும் வரவில்லை.

மெற்றில்டா தினமும் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கொட்டகையில் நின்று கேட்டாள். ததேயுஸ் தினமும் கஞ்சித்தண்ணீர் கேட்டான். முதல் நாட்களில் அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. எங்கோ ஒருத்தி கொடுத்திருப்பாள், குடித்திருப்பான் என்று நினைத்துத் தூங்கினாள். பிறகு ஒருநாள் பருப்புத் தோல் உரித்துக்கொண்டிருக்கும்போது, பெர்க்மான்ஸ் எண்ணெய் கேட்டது ஒருநாள், குறட்டைக்காரனை வைதது மற்றொரு நாள் என்பது நினைவுக்கு வந்தது. உயிரோடு இருக்கிறவன் பேச்சு நாளுக்கு நாள் மாறும். எலியாஸ் கடைசிவரை கயிற்றை விடு என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். ததேயுஸும் நான்கு மாதமாக ஒன்றையே, அதே இழுவையில், 'இத்திரி'யில் அதே சின்ன இருமலோடு கேட்டுக்கொண்டிருக்கிறான். கை நின்றுவிட்டது.

ஆறுமுகப்பெருமாளிடம் போய், வெளிநாட்டுப் பறவை தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. திருவனந்தபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் பறவை வளர்க்கும் ஸ்ரீகண்டன் நாயர் என்பவரின் விலாசத்தை ஒரு உறையின் பின்புறம் எழுதிக்கொடுத்தார். தொழிற்சாலைக்கு என்று சொல்லிவிட்டு மெற்றில்டா பஸ் ஏறினாள். போனில் இரண்டு பறவைகளின் படமும் இருந்தது.

நாயர் எழுபது வயதுக்காரர், காது கொஞ்சம் மந்தம், பறவைகளோடு பேசுவதைப் போலவே மனிதர்களோடும் மெதுவாகப் பேசுபவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒண்ணில்லை மோளே," என்றார். "அண்ணன் தம்பி மாதிரி. சொந்தம், ஆனா வேற."

கழுத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள், நெற்றியைப் பார் என்று அவளைக் கூண்டருகே கூட்டிப்போய், தன்னிடம் இருந்த, தாடிக்காரனைப் போன்ற ஒரு பறவையைக் காட்டினார். அதன் நெற்றி பச்சை. அலகுக்கு மேலிருந்து உச்சிவரை இளம் இலையின் பச்சை, பிறகுதான் நீலம் தொடங்குகிறது. உன் படத்தில் இருக்கும் மற்றதற்கு நெற்றியிலும் நீலமே. கன்னத்து வெள்ளைத் தோலில் மயிரிழை போல வரிகள் ஓடுகின்றன அல்லவா, இதற்கு அவை கறுப்பு, மற்றதற்கு நீலம். இது உடம்பு பெருத்தது, அது சற்றுச் சிறுத்தது. இதற்குத் தாடி ஒரு கோடு, அதற்குக் கழுத்தெல்லாம் தாடி. யாரோ அதற்குக் கறுப்புப் பூசியிருக்கிறார்கள், பூசினாலும் அகலம் காட்டிக்கொடுக்கிறது பார் என்றார். பச்சை நெற்றிக்காரன் தென்னமெரிக்காவில் பாதிக் கண்டத்தில் இருக்கிறான், காசுள்ள வீட்டுக் கூண்டிலெல்லாம் இருக்கிறான். நீல நெற்றிக்காரன் பொலிவியா என்ற ஒரே தேசத்தில், ஒரே சமவெளியில், பனைமரங்களுக்கு நடுவில், காட்டில் மிஞ்சியது சில நூறுதான். உங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டார். கடலிலிருந்து வந்தது என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டார், அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

"அது இறகைக் கோதிக்கோதி அந்தச் சாயத்தைத் தின்னும். பட்சி அதிக நாள் தாங்காது," என்று வாசல்வரை வந்து சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் மெற்றில்டா பச்சை நெற்றி, நீல நெற்றி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். உலகத்தில் உயிருள்ளவர்களின் பறவை ஆயிரக்கணக்கில் இருக்கிறது, செத்தவர்களின் பறவை சில நூறுதான் என்றால், அந்தச் சில நூறும் எத்தனை கரைகளுக்குப் பறந்து சொல்ல முடியும் என்று யோசித்தாள்.

பிறகு பத்து நாள் அவள் கொட்டகையில் நெற்றியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் முறைக்கும் உட்கார்ந்தாள், களைத்தவர்களின் முறைக்கும் உட்கார்ந்தாள். ததேயுஸ் பேசியது நீல நெற்றி. மைக்கேல் நாயகத்தின் மகன் பேசியது நீல நெற்றி. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தவறாமல் நீல நெற்றி. பச்சை நெற்றிக்காரன் அந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. பருப்பை ஒற்றைக் காலில் பிடித்துக் கடித்துத் தின்றது, இறகைக் கோதியது, தூங்கியது. உயிரோடிருந்த ஒன்பது பேரும் வீடு வந்துவிட்ட பிறகு அதற்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்பதும், இத்தனை மாதமும் துடுப்பின் மேல் ஒரே ஒரு பறவைதான் பேசிக்கொண்டிருந்தது என்பதும் பத்தாம் நாள் அவளுக்கு முழுசாக விளங்கியது.

வீட்டுக்குப் போனாள். வியாகுலம் அடுப்படியில் சாளை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். மெற்றில்டா எதிரில் குந்தி உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளே," என்றாள் வியாகுலம், கத்தியை நிறுத்தாமல். "எனக்க கையாலதான் பூசினேன்."

"எதுக்கு மாமி?"

"இவனுக்க அப்பன் போயி இருவத்திரெண்டு வருசம். தெரியாததுனாலதான் நான் சீவிச்சேன். தெரிஞ்சிருந்தா அண்ணைக்கே நான் முடிஞ்சிருப்பேன்." ஒரு மீனை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "எனக்க மொவன் செத்தது நான் ஒருத்தி தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன். ஒனக்கு எதுக்கு அது?"

மெற்றில்டா செதிள் எடுத்த மீன்களைத் தண்ணீரில் போட்டு அலசினாள். இத்தனை மாதமாக இந்தப் பெண் பக்கத்தில் படுத்து, தான் துவைத்துப் போட்ட சட்டைகளை மடித்து வைத்து, அவன் வந்ததும் வைக்க வேண்டிய குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"எனக்கு அழணும் மாமி," என்றாள் கடைசியில். "என்னை இன்னும் அழவே விடல்ல."

வியாகுலம் கத்தியைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது மெற்றில்டா கொடிமரத்தடியில் நின்று நான்கு வாக்கியங்களில் சொன்னாள். திருவனந்தபுரம் போய்க் கேட்டுவந்த நெற்றியைச் சொன்னாள், கன்னத்து வரியைச் சொன்னாள், பத்து நாளைச் சொன்னாள், பன்னிரண்டு பேரும் ஒரே பறவையின் வாயில் என்றாள். யார் பூசியது என்பதை மட்டும் சொல்லவில்லை. மைக்கேல் நாயகத்தின் மனைவி மட்டும், இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனாயா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். பின்னால்தான் தெரிந்தது, அந்தத் தாடி அகலமாக இருப்பதை முதல் வாரமே அவள் பார்த்திருக்கிறாள். நிச்சயமான பெண்ணின் அப்பன் பார்த்திருக்கிறார். பங்குத்தந்தை பார்த்திருக்கிறார். பன்னிரண்டு வீட்டிலும் குறைந்தது ஓர் ஆளாவது பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாது, நாம் சொல்லி எதற்குக் கெடுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று மாலை பெண்கள் நீலகண்டனைக் கழுவினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒருத்தி மாற்றி ஒருத்தி துடைத்தார்கள். சாயத்தோடு இறகும் சேர்ந்து வந்தது. கடைசியில் கறுப்பும் இல்லை நீலமும் இல்லை, உரித்த கோழியின் கழுத்தைப் போலப் புள்ளிபுள்ளியாகச் சிவந்த தோல் மட்டும் இருந்தது. அந்தக் கழுத்தோடு அது இரண்டு நாள் ஓயாமல் பேசியது. பன்னிரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பேசியது, வலையைச் சுருட்டு என்றது, மாதாவே என்றது, பீடி இருக்கா என்றது, டீசல் வாசமடிக்கிறது என்றது, தண்ணீர் கேட்டது. பன்னிரண்டு வீட்டாரும் வேலைக்குப் போகாமல் கொட்டகையைச் சுற்றி நின்று கேட்டார்கள், தன் ஆள் முறை வரும்போது ஒரு அடி முன்னால் வந்து, முடிந்ததும் பின்னால் போனார்கள். மெற்றில்டா அழுதாள், தொண்டை கட்டிப்போகும்வரை அழுதாள். மூன்றாம் நாள் மதியம் நீலகண்டன் துடுப்பிலிருந்து சறுக்கி மணலில் விழுந்தது.

அடக்கம் செய்ய அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் வேறு உடல் இல்லை. ஆசாரி இரண்டடி நீளத்தில் ஒரு பெட்டி அடித்தார். கல்லறைத் தோட்டத்தில் பறவைக்கு இடம் உண்டா என்று யாரோ கேட்டபோது பங்குத்தந்தை, நான் பன்னிரண்டு பேரைத்தான் அடக்கம் செய்கிறேன், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்றார். பன்னிரண்டு பெயர்களையும் ஞானஸ்நானப் பெயரோடு வாசித்தார். ஒரு கைப்பிடி மண் போட ஐம்பத்தெட்டுப் பேர் வரிசையில் வந்தார்கள். குழி நிறைந்துவிட்டது, மண்வெட்டிக்கு வேலை இருக்கவில்லை. வியாகுலம் தன் பங்கு மண்ணைப் போட்டாள், மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், இரவு கஞ்சி குடித்தாள், படுத்தாள்.

மறுநாள் காலை சருவத்தைத் தூக்கவில்லை. கொட்டகைக்குப் போய்த் தாடிக்காரனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெற்றில்டா போய்க் கூப்பிட்டதற்கு, கடலுக்குப் போயிருக்கான் பிள்ளே, இப்பம் வந்துருவான் என்றாள். மகனைச் சொல்கிறாளா புருஷனைச் சொல்கிறாளா என்பது மெற்றில்டாவுக்குப் புரியவில்லை. மகனின் சாவைத் தான் ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்திருந்தவரை, வியாகுலம் நிறைந்த சருவத்தை ஒரு கையால்கூடப் பிடிக்காமல் நடப்பதைப் போல அதைத் தலையில் வைத்து நடந்திருந்தாள். எல்லாருமாகச் சேர்ந்து இறக்கி வைத்த பிறகு, அது என்ன என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. கல்லறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கிளியைப் புதைத்தது எனக்குத் தெரியாதா என்றாள். ஊரில் யாரும் அவளைத் திருத்தவில்லை. கொட்டகையைப் பிரிக்க வந்தவர்களும் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஓலையை மாற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். மதியம் மெற்றில்டா சோறு கொண்டுவருவாள், பொழுது சாயும்போது கையைப் பிடித்து அழைத்துப் போவாள். ஏலம் பழையபடி வாயால் நடந்தது. மணியின் நாக்கில் சுற்றிய சாக்கை அவிழ்த்தார்கள். தாடிக்காரன் பேசவே இல்லை.

ஆனி கடைசியில், மழை விட்டிருந்த ஒரு மதியம், மெற்றில்டா சோற்றுப் பாத்திரத்தோடு கொட்டகைக்கு வந்தபோது அது பேசிக்கொண்டிருந்தது.

"தண்ணி எப்பம் வத்தும்னு ஆராவது சொல்லுங்க," என்றது. "கரை எந்தப் பக்கம்?"

குரல் வியாகுலத்தின் குரல். மெற்றில்டா திரும்பி மாமியின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. வியாகுலம் இரண்டு கையையும் மடியில் வைத்து, பறவையை நிமிர்ந்து பார்த்தபடி, யாரோ அயலூர்க்காரி பேசுவதைக் கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செய்தி ஊருக்குள் போயிற்று. யாரும் வியக்கவில்லை. தாடிக்காரன் பேசுவது தொலைந்துபோய் உயிரோடிருப்பவர்களைத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அறிவிப்புப் பலகையில் ஒன்பது பேருக்குக் கீழே பத்தாவதாக வியாகுலத்தின் பெயரை எழுதினார்கள். ஒன்பது பேரும் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டதால் இவளுக்கும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். மெற்றில்டா அவளுக்குத் தலைக்குச் சாயம் பூசிவிட்டாள், சருவத்தைத் துலக்கி வாசலில் கவிழ்த்து வைத்தாள், மீன் வாங்கும் உள்நாட்டுப் பெண்கள் இரண்டு பேரை அழைத்து வந்து அவளோடு பேச வைத்தாள். பறவை தினமும் வேறு வேறாகப் பேசியது. ஒருநாள் கால் தரையில் படுகிறது என்றது, ஒருநாள் இருட்டாக இருக்கிறது என்றது, ஒருநாள் யாரோ கூப்பிடுவது கேட்கிறது என்றது.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. மெற்றில்டா மதியம் சோறு கொண்டுபோவாள், பிசைந்து கையில் கொடுப்பாள், பொழுது சாய்ந்ததும் எழுப்புவாள். அந்த உடம்பு சொன்னபடி எழும்பும், கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வீட்டுக்கு வரும், பாய் விரித்தால் படுக்கும். வியாகுலம் வந்து சேரவில்லை.